கூரையில் ஏற்றிய பனிக்கட்டி

நீங்கள் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா? மாப்பிள்ளை வீடா, நல்லது. அப்படியென்றால் மனம் விட்டுப் பேசலாம். நான் இரண்டு வீடும் இல்லை. பெண்ணின் அப்பாவைத் தெரியும், அவ்வளவுதான். அதோ, மேடைக்குக் கீழே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணில் படுகிறவர்களை எல்லாம் சாப்பிடப் போகச் சொல்லி விரட்டிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான் நல்லசிவம். இந்தக் கரூரிலேயே பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். உங்கள் சம்பந்தியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன. ஆனால் நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அவரை நேரில் பார்ப்பது இன்றுதான் முதல் தடவை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். எதற்கு என்று கேளுங்கள். விண்கலத்துக்கு.

சிரிக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. சுடுவது, துரத்துவது எல்லாம் கிடையாது. யாருமில்லாத ஒரு கிரகத்தில் நம்மை இறக்கிவிட்டுவிடுவார்கள். இரும்பைத் தோண்டி, உருக்கி, தகடாக்கி, ஒவ்வொரு தகடாக வெல்டிங் வைத்து விண்கலம் கட்ட வேண்டும். என்ஜின் எங்கே, டேங்க் எங்கே, எந்தப் பக்கம் எடை, எல்லாம் நம் இஷ்டம். சரியாகக் கட்டினால் பறக்கும். தப்பாகக் கட்டினால் மூக்கால் தரையைக் குத்தும். அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான். பௌதிகத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது. அதிகாரியைத் தெரியும், மாமனைத் தெரியும் என்றெல்லாம் சொல்லி ஒரு கலத்தை மேலே கிளப்ப முடியாது. இந்த நாட்டில் வேறு எங்கே அந்த நியாயத்தைப் பார்த்தீர்கள், சொல்லுங்கள்.

நான் கனகசபாபதி. ஸ்டுட்கார்ட்டில் இருந்தேன், கார்களுக்கு பிரேக் வடிவமைக்கும் வேலை. வாழ்க்கையில் பாதி அங்கேதான். இப்போது திரும்பி வந்து கோயமுத்தூரில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். வீட்டில் நான் மட்டும்தான். அதில் ஒரு வசதி, வைத்தது வைத்த இடத்தில் இருக்கும்.

தமிழில் பேசிக்கொண்டே அந்த விளையாட்டை விளையாடும் குழு ஒன்று இருக்கிறது என்று தெரிந்து அதில் சேர்ந்தேன். தமிழ் பேச ஆள் தேடிக்கொண்டு போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு கூட விளையாடிய ஜெர்மன்காரர்களுடைய நேரம் இங்கே வந்தபின் எனக்கு ஒத்துவரவில்லை. அது ஒன்றுதான் காரணம்.

சேர்ந்து பார்த்தால் குழுவா அது? சந்தை. நல்லசிவம் ஒருவர். கீழக்கரையில் பல் டாக்டராக இருக்கும் ஜமீலா என்ற பெண். என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள், அவர்கள் ஊரில் அண்ணனுக்கு அப்படியாம். முதல் தடவை கேட்டபோது திட்டுகிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது, துஷ்யந்தன். மட்டக்களப்புக்காரர், டொரான்டோவில் டாக்சி ஓட்டுகிறார். இவர்கள் மூன்று பேரும் வாய் ஓயாமல் பேசுவார்கள். கை மட்டும் அவ்வப்போது ஓயும்.

நல்லசிவம் கட்டிய கலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் பெரிய கண்ணாடி. அதற்கு மேலே கட்டைகளை அடுக்கியே 'செல்லாண்டியம்மன் துணை' என்று எழுத்து. இரண்டு பக்கமும் வரிசையாக சன்னல். உள்ளே இரட்டை இரட்டையாக சீட்டு, நடுவில் நடைபாதை, மேலே பிடித்துக்கொள்ளக் கம்பி. விண்வெளியில் நின்றுகொண்டு வருகிறவன் யார் ஐயா, கம்பியைப் பிடிப்பதற்கு? கேட்டேன். கேட்காமல் இருப்பேனா.

"ஏனுங்க, சீட்டு நெறஞ்சு போச்சுன்னா?" என்றார்.

"மொத்தம் நாலு பேர்தானே இருக்கிறோம்?"

"இன்னிக்கு நாலு பேருங்க. வர்றவங்கள வேண்டாம்னா சொல்லப் போறோம்?"

சரி, அதை விடுங்கள். இத்தனை சன்னல் எதற்கு? ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு பலவீனம். ஒரு சின்னக் கல் பட்டால் போதும், காற்று மொத்தமும் வெளியே போய்விடும். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "சன்னலோரம் இல்லாத வண்டில எவனுங்க ஏறுவான்?"

இதோடு முடிந்ததா? ஜமீலா அந்தக் கலத்தின் பின்பக்கம் ஒரு சமையலறை கட்டினாள். மேசை, பெஞ்சு, அடுப்பு. அந்த விளையாட்டில் யாருக்கும் பசிக்காது. சாப்பிட எதுவும் கிடையாது. அடுப்பு என்று அவள் வைத்தது வெறும் விளக்கு, சிவப்புச் சாயம் அடித்தது. "பசி இல்லாத இடத்தில் சமையலறை எதற்கு?" என்று கேட்டேன். "பசிச்சாத்தான் உக்காந்து பேசணுமா காக்கா?" என்றாள். படித்த பெண், டாக்டர். நாளைக்கு உங்கள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போகிறவள். யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எலுமிச்சம்பழம். பட்டறையிலிருந்து புது பஸ் வெளியே போகும்போது சக்கரத்துக்கு அடியில் வைப்பார்கள் இல்லையா. இவர் கலத்தின் காலுக்குக் கால் ஒரு மஞ்சள் கட்டையை வைத்து, அதை நசுக்கிவிட்டுத்தான் கிளப்புவார். நான் ஜெர்மனியிலிருந்து இதைப் பார்க்கத்தான் திரும்பி வந்தேன் போலிருக்கிறது. ஒருநாள் பொறுக்காமல் சத்தம் போட்டேன். துஷ்யந்தன் அமைதியாகச் சொல்கிறார்: "அண்ணை, எலுமிச்சம்பழத்தின்ர எடையைச் சொல்லுங்கோ. உங்கட கணக்கிலயும் சேர்த்து விடுவம்." மூன்று பேரும் சிரித்தார்கள். ஜமீலாவுக்கு சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

நான் கோபப்படவில்லை. ஒரு கலத்தைக் கட்டிக் காட்டினேன்.

ஊசி என்று பெயர் வைத்தேன். பெயரைப் போலவே இருக்கும். சாயம் கிடையாது, சாயத்துக்கு எடை உண்டோ இல்லையோ அவசியம் இல்லை. சன்னல் கிடையாது. எடையின் மையம் என்ஜின்கள் தள்ளும் கோட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கும், நடுவில் பிடித்த தராசுக் கோல் மாதிரி. ஒரு தகடு கூடக் கிடையாது, ஒரு தகடு குறையக் கிடையாது. ஒரு இருக்கை. அதைச் சுற்றிக் காற்று அடைத்த ஒரு கூடு, ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்காது, அவ்வளவு இடம். மற்றதெல்லாம் என்ஜின், எரிபொருள்.

கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்தார்கள். நல்லசிவம் ஒவ்வொரு இணைப்பாக நின்று பார்த்தார். கடைசியில், "வெல்டிங் மசிரெழை பிசகலீங்க" என்றார். தொழில்காரர் அல்லவா, அதுவாவது தெரிந்தது. ஜமீலாதான் கேட்டாள், "நாங்கல்லாம் எங்க காக்கா உக்கார்றது?"

"நீங்கள் எதற்கு உட்கார வேண்டும்?" என்றேன்.

அதற்கப்புறம் ஏனோ சீக்கிரம் கிளம்பிப் போனார்கள். நான் கேட்டது தொழில்நுட்பக் கேள்வி. அதில் மனம் வருந்த என்ன இருக்கிறது?

என்ன, அடுத்த பந்தி கூப்பிடுகிறார்களா? இல்லை, அது பாத்திரச் சத்தம். உட்காருங்கள். இனிமேல்தான் விஷயமே வருகிறது.

அந்த விளையாட்டில் வெகு தொலைவில் ஒரு கிரகம் உண்டு. சுற்றிலும் வளையம், பார்க்க அத்தனை லட்சணமாக இருக்கும். அங்கே போய்க் குடியேறுவது என்று முடிவானது. போனால் போனதுதான், திரும்பி வர எரிபொருள் கிடையாது. எந்தக் கலத்தில் போவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினோம். ஊசியை எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மறைப்பானேன், அதற்காகத்தான் அதைக் கட்டியதே. மழைக்காலம் முழுக்க வெளியே எங்கும் போகாமல் கட்டினேன்.

ஒரே இருக்கைதானே என்று நீங்களும் கேட்காதீர்கள். அதற்கும் திட்டம் வைத்திருந்தேன். ஊசியை நகல் எடுத்து ஆளுக்கு ஒன்று. நாலு ஊசி. இடைவெளி விட்டு வரிசையாகப் போகலாம். பேச வேண்டியதை ரேடியோவில் பேசிக்கொள்ளலாம். யாருக்கும் யாராலும் இடைஞ்சல் இல்லை. இதைவிடச் சுத்தமான ஏற்பாடு உண்டா?

நல்லசிவம் கேட்டார்: "தனித்தனியாப் போறதுக்கு எதுக்குங்க சேந்து போவோணும்?"

பாருங்கள், ஒரு வாக்கியத்தையாவது முன்னுக்குப் பின் முரண் இல்லாமல் பேசத் தெரிகிறதா. இதற்கு மற்ற இரண்டு பேரும் ஆமாம் போட்டார்கள். நல்லசிவத்தின் செல்லாண்டியில் போவதென்று முடிந்தது. "நீங்களும் வாங்கண்ணா, டிரைவருக்குப் பக்கத்து சீட்டு உங்களுக்குத்தான்" என்றார். நான் ஊசியில் வருகிறேன் என்றேன். ஒரு இஞ்சினியர் பஸ்ஸில் ஏறி விண்வெளிக்குப் போவதா?

கிளம்புகிற நாள். எரிபொருள் நிரப்பியாகிவிட்டது. எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அப்போது ஜமீலாவுக்கு ஞாபகம் வருகிறது, புதுக் கிரகத்தில் தண்ணீர் உண்டோ இல்லையோ, பனிக்கட்டி கொஞ்சம் கொண்டுபோக வேண்டும் என்று. உள்ளே இடமில்லை, எல்லாம் சீட்டு. பஸ்காரர் என்ன செய்வார்? கூரை மேல் கேரியர் கட்டினார். கோயம்பேட்டுக்குப் போகிற வாழைத்தார் மாதிரி பனிக்கட்டியை மேலே ஏற்றி, அடுக்கி, கம்பி போட்டு இறுக்கினார்கள். மலை மாதிரி பனிக்கட்டி.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தலையில் நிறைகுடம் வைத்துக்கொண்டு நிற்கிறவன் காலைப் பிடித்து முன்னால் தள்ளினால் என்ன ஆவான்? மல்லாந்து விழுவான். செல்லாண்டியின் பெரிய என்ஜின்கள் பின்னால், அடியில் இருந்தன. எடையெல்லாம் மேலே போய்விட்டது. தரையிலிருந்து கிளப்புவது வேறு என்ஜின்கள், அதனால் கிளம்பும்போது ஒன்றும் தெரியாது. வெட்டவெளிக்குப் போய்ப் பெரிய என்ஜினை முடுக்கினால் கரணம்தான். சாலையில் ஓடும் பஸ்ஸை டயரும் தரையும் பிடித்துக்கொள்ளும். அங்கே பிடிக்க என்ன இருக்கிறது?

சொன்னேனா என்று கேட்கிறீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்டது வேறு. "எப்படி இருக்குதுங்கண்ணா நம்ம வண்டி?" என்று கேட்டார். அழகாக இருக்கிறது என்று சொன்னேன். அழகாகத்தான் இருந்தது, வெயில் பட்டுப் பனிக்கட்டி மின்னியது. எடை எங்கே விழுகிறது என்று அவர் கேட்கவில்லையே. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதுவும் ஊசியை வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு.

கிளம்பினோம். அவர்கள் முன்னால், நான் பின்னால், கொஞ்சம் தள்ளி. ரேடியோவில் ஒரே கும்மாளம். ஜமீலா சமையலறையில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு டீ என்று கேட்கிறாள். துஷ்யந்தன் கண்டக்டர் மாதிரி விசில் அடிக்கிறார். நல்லசிவம், "புடிச்சுக்குங்க சாமி, டாப் கியருங்கோ!" என்று சொல்லிப் பெரிய என்ஜினைப் போட்டார்.

நான் சொன்னது சொன்னபடி நடந்தது. மூக்கு மேலே தூக்கியது. அப்புறம் மல்லாந்தது. அப்புறம் கரணம் மேல் கரணம். உள்ளே பாத்திரம் உருட்டினாற்போல மூன்று பேரும் கத்துகிறார்கள். நாலாவது சுற்றிலோ ஐந்தாவதிலோ கேரியர் பிய்த்துக்கொண்டு போய் என்ஜினிலேயே இடித்தது. செல்லாண்டி இரண்டாகப் பிளந்தது. சன்னல்கள் எல்லாம் வரிசையாக, ஒன்றுவிடாமல் உடைந்தன. அந்த சன்னல் விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி.

ஊசி மெதுவாகப் போய் அந்த இடத்தைச் சேர்ந்தது. எங்கு பார்த்தாலும் சீட்டு மிதக்கிறது, பனிக்கட்டி மிதக்கிறது, பெஞ்சு மிதக்கிறது. நடுவில் இவர்கள் மூன்று பேரும், விண்வெளி உடையில், கை கால் பரப்பிக்கொண்டு. உடையில் இருக்கிற காற்று கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். தீர்ந்தால் அவ்வளவுதான், பழைய கிரகத்தில் வெறுங்கையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போதாவது கேட்பார்கள், எங்கே தப்பு என்று. அதற்காகவே காத்திருந்தேன். விளக்கம் தயாராக இருந்தது, வரிசைப்படி. என்ன கேட்டார்கள் தெரியுமா?

"கனகண்ணா வந்துட்டாருங்க! ஏத்திக்குங்கண்ணா!"

எங்கே ஏற்றுவது? நீங்களே சொல்லுங்கள். ஒரு இருக்கை. ஒரு கூடு. காட்டினேனே அன்றைக்கு, கூப்பிட்டுக் காட்டினேனே.

ஜமீலா சொல்கிறாள், "வெளியில தொத்திக்கிட்டு வர்றோம் காக்கா. படியில தொங்குற மாதிரி. போற வரைக்கும் போவோம்." ஊசியிலிருந்து காற்றுக் குழாயை மட்டும் நீட்டினால் மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்வோம் என்று துஷ்யந்தன் யோசனை சொல்கிறார். யோசனை தப்பில்லை. செய்யலாம். ஆனால் மூன்று பேர் மூன்று பக்கம் தொங்கினால் எடையின் மையம் என்ன ஆவது? மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து போட்ட கணக்கு. ஒரு தகடு கூட இல்லை, ஒரு தகடு குறைய இல்லை என்று சொன்னேன் அல்லவா. முடியாது என்றேன். கணக்கு கெட்டுவிடும் என்றேன்.

அப்புறம் நல்லசிவம், "சரிங்கண்ணா. நீங்க பாத்துப் போங்க" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். துஷ்யந்தன் சொன்னார், "போய்ச் சேர்ந்தாப்பிறகு எப்பிடி இருக்கெண்டு சொல்லுங்கோ அண்ணை." அப்புறம் மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு மிதந்தார்கள். யார் காற்று முதலில் தீரும் என்று போட்டி. செத்துப்போகிறபோதும் சிரிக்கிறார்கள். பொறுப்பு வேண்டாம்? ஜமீலாதான் கடைசி. "காக்கா, நான் ஜெயிச்சிட்டேன்" என்றாள். அதோடு ரேடியோ அடங்கியது.

நான் போய்ச் சேர்ந்தேன். நான் மட்டும்தான் சேர்ந்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி கடுகளவு பிசகாமல் இறங்கியது. வளையம் வானத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்களே, சொன்னேன். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். அத்தனை தூரத்துக்கு ரேடியோ எட்டாது என்பது பேசி முடித்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

அங்கே தளம் கட்டினேன். பெரிய இறங்குமேடை, நாலைந்து கலம் தாராளமாக இறங்கலாம். தளம் என்றால் முறைப்படி கட்ட வேண்டுமா இல்லையா. இரவில் இறங்க விளக்குகூட வைத்தேன். இவர்கள் வரவில்லை. பழைய கிரகத்திலேயே செல்லாண்டியை மறுபடியும் கட்டிவிட்டார்களாம், அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்களாம். கேரியரோடு. இந்தத் தடவை கேரியர் இரண்டு! படம் அனுப்பியிருந்தார்கள். எங்கே தப்பு என்று இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. நானும் ஞாயிற்றுக்கிழமை போவதை நிறுத்திவிட்டேன். தனியாக அங்கேயும் எனக்கு வேலை சரியாக இருக்கிறது.

அப்புறம் ஒருநாள் கல்யாணப் பத்திரிகை வருகிறது. குடும்பத்துடன் வரவும் என்று அச்சடித்து. யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்த்து அச்சடிக்க வேண்டாமா? அந்த எடை விஷயத்தை நேரில் விளக்கிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். போனில் படம்கூடப் போட்டு வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் அதைப் பேச நேரம் வாய்க்கவில்லை. தாலி கட்டினார்கள், அட்சதை போட்டேன். கிளம்பியிருக்கலாம்.

முன்னால் மூன்றாவது வரிசையைப் பாருங்கள். பச்சைப் புடவை, அதுதான் ஜமீலா. பக்கத்தில் இந்த வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வியர்த்து வழிகிறவர் துஷ்யந்தன், டொரான்டோவிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறார், பைத்தியக்காரர். எப்படித் தெரியும் என்றால், வாசலில் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள், குரல்தான். விளையாட்டில் யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. என்னை இங்கே ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. அதனால்தான் மேளச் சத்தத்திலும் உங்கள் காதோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்களோ, சத்தமாகச் சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள் என்கிறீர்கள்.

பார்த்தீர்களா, பார்த்தீர்களா. நல்லசிவம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போகிறார். துண்டு போட்டு இடம் பிடிப்பது! சொந்த மகள் கல்யாணத்தில்! பஸ் ஸ்டாண்டு புத்தி எங்கே போகும். யாருக்கோ. யாராவது பெரிய மனிதர் வருவார், பஸ் முதலாளி யாராவது. எனக்கு என்று ஏன் சொல்கிறீர்கள்? உங்களுக்கு என்ன தெரியும்? நான் வருவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே அவர்களிடம். அவர்கள் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தால்? யாருக்காகவும் பார்க்கலாம்.

அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எங்கே போகிறார்? இத்தனை நாற்காலி காலியாகக் கிடக்கிறது. நேராக அங்கேதான் போகிறார். துண்டு கிடப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா? இவர்களும் பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை பாருங்கள். எடுக்கிறார். துண்டை எடுத்து மடிக்கிறார். உட்காரப் போகிறார் ஐயா.

ஏனுங்க! ஏனுங்க, வெள்ளச் சட்டை! அங்க உக்காராதீங்கோ, அந்தச் சீட்டுக்கு ஆள் வருதுங்க!

சத்தமாகக் கத்திவிட்டேனா?

திரும்பிவிட்டார்கள். ஜமீலா எழுந்துவிட்டாள். கல்யாண மண்டபத்தில் இத்தனை பேர் நடுவில் காக்கா காக்கா என்று கத்துகிறாளே, விவஸ்தை இல்லை? கோட்டுக்காரரும் வருகிறார். பெண்ணைப் பெற்றவர் மொய் எழுத நிற்கிறவர்களை எல்லாம் விட்டுவிட்டு ஓடி வருகிறார், பாருங்கள்.

கொஞ்சம் காலை நகர்த்திக்கொள்ளுங்கள், போய்விடுகிறேன். இல்லை, எடை விஷயமெல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். என்ன கேட்டீர்கள், இந்த நாற்காலியா? யாராவது வந்தால் உட்காரச் சொல்லுங்கள்.